அம்மாவின் காணிக்கு முதல் ஏர்

நாற்றங்காலில் பறித்த நாற்றைத் தண்ணீரில் அலசும்போது வேரிலிருந்து ஒரு சேற்று வாடை கிளம்பும். ஐப்பசி மாதம் முழுவதும் அது அம்மாவின் கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிடும். அவள் கேப்பைக் கூழைக் கரைத்துக் கொடுத்தாலும் அந்த வாடை, தங்கைக்குத் தலை பின்னிவிட்டாலும் அந்த வாடை, காய்ச்சலில் கிடக்கும் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாலும் அதே வாடை. சீயக்காய்த்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினாலும் போகாது. அந்த வாடை வந்துவிட்டது என்றால் அப்பாவின் காணியில் நடவு தொடங்கிவிட்டது என்று எங்களுக்குத் தெரியும். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண் கண்டு, இடுப்பை நிமிர்த்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் உட்காருகிற சமயத்தில்தான் அவளுடைய சொந்தக் காணியில் நடவு தொடங்கும்.

அம்மாவுக்குச் சொந்தக் காணி ஒன்று இருந்தது என்று சொல்வதில் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை உண்டு. திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் போகிற பக்கத்தில் எங்கள் ஊர். அம்மா பிறந்ததும் வாக்கப்பட்டதும் ஒரே ஊர்தான், தெருதான் வேறு. கல்யாணத்தின்போது அவளுடைய அப்பா, மகளின் மஞ்சள் குங்குமச் செலவுக்கு என்று சொல்லி, ஏரிப் பாசனத்தில் ஒரு சின்னத் துண்டை எழுதிக் கொடுத்திருந்தார். அதை எங்கள் பக்கத்தில் ‘மஞ்சக்காணி’ என்பார்கள். அதில் விளைவது அவளுடையது. அதில் புருஷன் கணக்குக் கேட்பது மரியாதை இல்லை. அந்த மஞ்சக்காணி, தெய்வாதீனமாகவோ என்னவோ, அப்பாவின் காணியை ஒட்டியே அமைந்திருந்தது. நடுவே ஒரு வரப்பு. இரண்டுக்கும் ஒரே வாய்க்கால். இரண்டிலும் ஒரே சம்பா விதை.

ஆனால் விளைச்சல் மட்டும் ஒன்றாக இருந்ததில்லை. அப்பாவின் காணியில் கதிர் சாய்ந்து கிடக்கும்போது அம்மாவுடையதில் பயிர் நெட்டையும் குட்டையுமாக, கூட்டத்தில் வழி தவறிய பிள்ளைகள் மாதிரி நிற்கும். ஊரில் அதற்கு இரண்டு காரணம் சொல்லுவார்கள். பெண்கள் இல்லாத இடத்தில், ‘பொம்பள வெள்ளாம அப்படித்தான்.’ பெண்கள் இருக்கிற இடத்தில், ‘அது களர்.’ களர் என்றால் உப்புப் பூத்த மண். நாளடைவில் அந்தத் துண்டுக்கே ‘களர்க்காணி’ என்று பெயர் விழுந்துவிட்டது. வரப்பில் போகிறவர்கள் ஒரு சிட்டிகை மண்ணெடுத்து நாக்கில் வைத்து, ‘ஆமா, கரிக்குது’ என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் நாங்களும் நக்கிப் பார்த்து, முகத்தைக் கோணிக்கொண்டு துப்புவோம். பக்கத்துக் காணியின் மண்ணை யாரும் நக்கிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

நோய் இன்னது என்று தீர்மானமாகிவிட்டதால் வைத்தியமும் நடந்தது. ஏரி வற்றிய கோடையில் அம்மா கூடை கூடையாக வண்டல் சுமந்து கொட்டினாள். ஆட்டுக்காரனைக் கெஞ்சி, மந்தையை இரவில் காணியில் அடைத்துக் கிடை போட வைத்தாள். எருக்கஞ்செடி, ஆவாரை எல்லாம் வெட்டிப் போட்டு மிதித்தாள். யாரோ சொன்னார்கள் என்று மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டு மொட்டைகூடப் போட்டுக்கொண்டாள். களர் எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு ஏரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவிடம் ஒரு மாடு, அவருடைய தம்பியான என் சித்தப்பாவிடம் ஒரு மாடு. இரண்டையும் சேர்த்துப் பூட்டினால் ஓர் ஏர். அண்ணன் என்ற முறையில் அப்பாவின் காணிக்கு முதல் உழவு, அடுத்தது சித்தப்பாவுடையதற்கு, மாடுகள் நாக்குத் தள்ளி நிற்கும்போது அம்மாவுடையதற்கு. இதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. கிழக்கே சூரியன் உதிக்கிற மாதிரி அது பாட்டுக்கு நடந்துவந்தது. பெண் ஏரைத் தொட்டால் ஏரி நிரம்பாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தெருவில் கலப்பை கிடந்தால் அம்மா அதைத் தாண்டமாட்டாள், சுற்றிக்கொண்டு போவாள். ஆகவே அவள் காத்திருந்தாள். தன் கையால் செய்யக்கூடிய நடவையும் களையையும் அப்பாவின் காணியில் முடித்துவிட்டுத் தன்னுடையதற்கு வருவாள். அதற்குள் நாற்று முற்றிப்போயிருக்கும். எரு தீர்ந்துபோயிருக்கும். மதகடியில் நின்று உரக்கப் பேசித் தண்ணீர் வாங்குவது ஆண்கள் காரியம். அவள் போய் நின்றால், ‘ஊட்ல ஆம்பள இல்லியா?’ என்று கேட்பார்கள். மாசியில் அவள் பயிர் பால் பிடிக்கும்போது ஏரி தரை தட்டியிருக்கும். விளைந்த கொஞ்சத்தையும், இவ்வளவுக்கு ஒரு வண்டியா என்று, வாசலுக்கு வரும் வியாபாரிக்கே அவன் சொன்ன விலைக்குப் போட்டுவிடுவார்கள்; அப்பாவின் நெல் மட்டும் வண்டியேறித் திண்டிவனம் மண்டிக்குப் போகும்.

இத்தனையையும் நான் இன்று வரிசையாக எழுதிவிட்டேன். அன்று இவை வரிசையாக யார் கண்ணிலும் படவில்லை. அம்மாவின் கண்ணில்கூட, அப்பா காணியின் மேற்கு மூலையில் நடந்த ஒரு சங்கதிக்குப் பிறகுதான் பட்டது.

ஒரு வருஷம் ஆடுகள் புகுந்து நாற்றங்காலில் ஒரு பாத்தியை மேய்ந்துவிட்டன. அப்பாவின் காணியில் அந்த மேற்கு மூலை மட்டும் நாற்றுப் போதாமல் வெறும் சேறாக நின்றது. பிற்பாடு அம்மாவின் காணி நட்ட அன்று, அதே நாற்றுக்கட்டிலிருந்து மிச்சத்தை எடுத்து அந்த மூலையையும் நட்டு முடித்தார்கள். அறுவடையின்போது அம்மா அரிவாளோடு அந்த மூலைக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாளாம். சுற்றிலும் தலைகவிழ்ந்த கதிர். அந்த மூலையில் மட்டும் அவளுடைய காணியின் பயிர் வரப்பைத் தாண்டி வந்து நிற்பதுபோல நெட்டையும் குட்டையும்.

எங்கள் ஊரில் நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைக் கூட்டிவருகிறவள் சேரியைச் சேர்ந்த அஞ்சலை. வாய் ஓயாதவள்.

“ஏன் அஞ்சல, இந்த மூலயும் களரா?” என்று அம்மா கேட்டாளாம்.

“போன வருசம் இல்லியேம்மா. நம்ம யாரும் பாக்காதப்ப வரப்பேறி நடந்து வந்துக்கினு இருந்துச்சோ இன்னாவோ!” என்றாளாம் அஞ்சலை. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. இதை அஞ்சலை பின்னாளில் என்னிடம் சொன்னாள்.

அந்தப் பங்குனியில்தான் சித்தப்பா விற்கிற பேச்சை எடுத்தார். தனக்கென்று ஒரு முழு ஜோடி மாடு வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஜோடி இருந்தால் மேட்டு நிலத்து மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, ஊரார் வண்டிக்குக் காத்திராமல் தாங்களே திண்டிவனத்துக்கு ஓட்டிப் போகலாம். கீழண்டைக் காணிக்காரர் வேறு மஞ்சக்காணியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். சித்தப்பா கூழ்ச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு, “களர வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறோம் அண்ணி? போட்ட வெதகூடத் திரும்பல. குடுத்துட்டா ஜல்தியா ஒரு ஜோடி புடிச்சிடலாம்” என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்று பொருள்.

காணி அம்மாவின் பேரில் இருந்தது. அவள் கைநாட்டு வைக்காமல் விற்க முடியாது. ஆனாலும் புருஷனும் கொழுந்தனும் உட்கார்ந்து பேசுகிற விஷயத்துக்குக் குறுக்கே நின்ற பெண் எங்கள் தெருவில் கிடையாது. அந்தக் காணி போய்விட்டால், கடையில் ஒரு முழம் பூ வாங்குவதற்குக்கூட அவள் அப்பாவின் மடியைப் பார்த்து நிற்க வேண்டும். நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் படிக்க வைக்க வேண்டும் என்று வீட்டில் நினைத்தவளும் அவள் ஒருத்திதான்.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்து நின்றாள். “விக்க வேணாம்னு சொல்லலீங்க. ஒரே ஒரு போகம், எங்காணிக்கு மொதல்ல ஏரு பூட்டுங்க. உங்களுது கடைசியா இருக்கட்டும். அப்பவும் வெளயலன்னா நானே கூட வந்து கைநாட்டு வெக்கிறேன்.”

அப்பா சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை அது. குழந்தை நிலாவைக் கேட்டால் சிரிப்போமே, அந்த மாதிரி. “களர்ல மொதல்ல உழுதா தேனா வடியப் போவுது? சரிமே. உன் ஆசைக்கு ஒரு போகம்.”

“எங்காணி எப்பவும் போல ரெண்டாவதுதானே? அப்ப எனக்கு இன்னா வந்துச்சி” என்று சித்தப்பாவும் ஒப்புக்கொண்டார். போகும்போது, “மாடு வெக்கத்துல படுத்துக்காம இருந்தா சரி அண்ணி” என்று ஒரு குத்தும் குத்திவிட்டுப் போனார். மண்ணின் மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை! அந்த நம்பிக்கைதான் அம்மாவுக்கு அந்தப் போகத்தை வாங்கிக் கொடுத்தது.

ஐப்பசியில் ஏரிக்குத் தண்ணீர் வந்ததும் முதல் ஏர் மஞ்சக்காணியில் இறங்கியது. ஊர் வாயை யார் மூட முடியும்? “பெரியவரு பொண்டாட்டி காணிக்கு மொத ஏரு கட்னாரே, இனிமே ஊட்ல கூழு கரைக்கிறதும் அவருதானா?” என்று வரப்பிலிருந்து ஒருவர் கேட்டார். அப்பா காது கேளாதவர் மாதிரி மாட்டை அதட்டினார். இளநாற்று, பச்சை குலையாமல் போய் இறங்கியது. அஞ்சலை தன் கூட்டத்தோடு குனிந்துகொண்டே, “பொண்ணூட்டு விருந்து முன்னாடி, மாப்ள ஊட்டு விருந்து பின்னாடியா? நல்லாத்தான் கீது!” என்றாள். அந்த முறை அம்மாவும் சேர்ந்து சிரித்தாளாம்.

அப்புறம் மழை நின்றுபோனது. வானம் வெளுத்து, காற்று வறண்டு, ஏரியில் தண்ணீரை அளந்து விட ஆரம்பித்தார்கள். அம்மாவின் பயிர் பச்சை பிடித்துக் களை எடுத்த நேரம். தண்ணீர் கட்டியாக வேண்டும். அப்பாவின் காணியோ இன்னும் சேறே ஆகவில்லை. நாற்று நாற்றங்காலில் முற்றிக்கொண்டிருந்தது. எங்களுக்கு வந்த முறைத் தண்ணீர் ஒரு காணிக்குத்தான் காணும். பள்ளிக்கூடம் இல்லாத நாள் அது. வாய்க்கால் பிரிகிற இடத்தில் அப்பா மண்வெட்டியோடு நின்றதையும், சற்றுத் தள்ளி வரப்பில் அம்மா நின்றதையும் நானே பார்த்தேன்.

“திருப்பி வுடுண்ணா” என்றார் சித்தப்பா. “நட்ட பயிரு நாலு நாளு தாங்கும். நாத்து தாங்காது. பேஜாரா பூடும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார். “இன்னாமே சொல்ற?”

“சொல்றதுக்கு இன்னா இருக்குதுங்க. எங்காணி வருசா வருசம் இப்பிடித்தான் நின்னுச்சி. நீங்க இன்னிக்கித்தான் பாக்கறீங்க.”

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வது போலச் சொன்னாள். அப்பா மண்வெட்டியைத் தூக்கினார். அவர் ஒரு மண்வெட்டி மண்ணைத் தள்ளியிருந்தால் போதும், தண்ணீர் அவர் காணிக்குப் போயிருக்கும். யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள், அம்மா உட்பட. அவர் மண்ணை வெட்டித் தன்னுடைய வாய்க்காலை அடைத்தார். “சொன்னது சொன்னதுதான்டா” என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் நடந்தார். என் அப்பாவைப் பற்றி நான் நன்றியோடு நினைக்கிற விஷயங்களில் இதற்கு மேலே இன்னொன்று இல்லை.

மறுபடி மழை வந்து, அவருடைய காணி நடவாகும்போது நாற்று மஞ்சள் பாய்ந்துவிட்டது. அதை நட்டவளும் அம்மாதான். தன் காணிக்கு எப்படிக் குனிந்தாளோ அப்படியே குனிந்து, வரிசை பிசகாமல் நட்டாள்.

தை பிறந்து அம்மாவின் காணி அறுவடையாயிற்று. எங்கள் களத்தில் நெல் அளக்கிற பெரியவர் முதல் மரக்காலுக்கு ‘ஒண்ணு’ என்று சொல்லமாட்டார், ‘லாபம்’ என்பார். அது ஊர் வழக்கம். அந்தக் காணியில் லாபம் என்று அவர் வழக்கமாகத் தொடங்குவார், சற்று நேரத்தில் முடிந்துவிடும். அன்றைக்கு லாபத்தில் தொடங்கியவர் மூச்சு வாங்கி, இன்னொருவரிடம் மரக்காலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பார்க்க வந்தவர்கள் நெல்லை அள்ளிப் பார்த்தார்கள், கடித்துப் பார்த்தார்கள். “ஆட்டுக்கிடை வேல செஞ்சிடுச்சி” என்றார் ஒருவர். “மொட்ட போட்டது வீண் போவல” என்றார் இன்னொருவர். அப்பாவும், “ஏதோ இந்த வருசம் அதிஷ்டம்” என்று சொல்லிவைத்தார்.

பங்குனியில் அவர் காணியின் முறை வந்தது. ஏரியில் அப்போது மாடு இறங்கி நடந்தால் குளம்பு நனையும், அவ்வளவுதான். முறத்தால் தூற்றத் தூற்ற நெல் கீழே விழுவதைவிடப் பதர் பறப்பதுதான் அதிகமாக இருந்தது. அப்பா பதர்க்குவியலில் கையை விட்டு அள்ளினார். விரலிடையில் அது காற்றோடு போயிற்று. கடைசியில் சித்தப்பாதான் வாயைத் திறந்தார்: “அப்போ களரு உன் காணியிலதானா அண்ணா?”

ஒரு கணம் பயந்துபோனோம். அப்பா தலையில் படிந்த தூசைத் துண்டால் தட்டிக்கொண்டு, “களரு மண்ணுல இல்லடா, நம்ம ஏருலதான் இருந்திருக்குது” என்றார். பிறகு சிரித்தார். களமே சிரித்தது. அஞ்சலை கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவிடம் ஒரு யோசனை சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். “விக்கிற பேச்சு இனிமே இல்ல. நடுவுல இருக்கற வரப்ப எடுத்துட்டு ரெண்டையும் ஒண்ணாக்கிடலாம்மே. முன்ன பின்னன்ற பேச்சே வராது.”

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. அம்மா சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டு, “வரப்பு இருக்கட்டுங்க. ஒரு வருசம் உங்களுது மொதல்ல, ஒரு வருசம் கொழுந்தனாருது, ஒரு வருசம் என்னுது. அது போதும்” என்றாள். வரப்பு போயிருந்தால் அப்பா காணியின் அகலம் கூடியிருக்கும், மஞ்சக்காணி என்று ஒன்று இருந்திருக்காது; இதை நான் புரிந்துகொள்ளப் பல வருஷம் படிக்க வேண்டியிருந்தது. அப்பா தலையாட்டினார். சித்தப்பா முணுமுணுத்தாலும் முறைக்கு வந்துவிட்டார்.

உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு மொத்தமாக வந்த நெல் முன்பைவிட அதிகம் என்று சொல்ல முடியாது. ஒரு குவியல் ஏறியது, ஒரு குவியல் இறங்கியது. ஆனால் முறை வந்த பிறகு, கடைசியாக நிற்கிற காணி யாருடையது என்பது வருஷத்துக்கு வருஷம் மாறியதால், கடைசியாக நிற்பது என்றால் என்னவென்று மூன்று பேருக்கும் தெரிந்துபோயிற்று. ஏர் சோம்பி நிற்பது குறைந்தது. மதகடியில் அப்பா அம்மாவின் காணிக்கும் சேர்த்தே சத்தம் போட்டார். பின்னால் மல்லாட்டை நன்றாகக் கண்ட ஒரு வருஷத்தில், எதையும் விற்காமலே சித்தப்பா இன்னொரு மாடு பிடித்தார். வாசலுக்கு வந்த நெல் வியாபாரியை அம்மா, “என்னுதும் வண்டியில போவுது” என்று சொல்லித் திருப்பியனுப்பிய காலையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். தான் பேசியது தனக்கே புதிதாக இருந்தது போல, சொல்லிவிட்டு ஓடிப்போய் உள்ளே நின்றுகொண்டாள்.

அந்த வண்டியில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்துதான் நான் திண்டிவனத்துக்குப் போய் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தேன். என் பள்ளிச் சம்பளம், சட்டை, நான் தங்கிச் சாப்பிட்ட வீட்டுக்கு அளந்த அரிசி எல்லாம் மஞ்சக்காணியில் விளைந்தவை. எங்கள் வம்சத்தில் பேனாவைப் பிடித்த முதல் கை என்னுடையது. அதைப் பிடிக்க வைத்தது ஒரு போகத்துக்கு முன்னால் போன ஏர் என்பதை மறந்தால் நான் படித்தது வீண்.

இப்போது நான் விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அப்பா மேட்டுக்கொல்லையோடு சரி. அம்மாவுக்கு முழங்கால் வலி, சேற்றில் இறங்குவதில்லை. மஞ்சக்காணியை அவள் என் தங்கைக்கு, அதே மஞ்சள் குங்குமச் செலவுக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். தங்கை வாக்கப்பட்டதும் எங்கள் ஊரிலேயே, அத்தை மகனுக்குத்தான். அந்தத் துண்டைக் களர்க்காணி என்று சொல்கிறவர்கள் இன்று ஊரில் யாரும் இல்லை. நெல் அளந்த பெரியவர் போய்விட்டார். கிடை போட்ட ஆட்டுக்காரன் எந்தப் பக்கம் போனானோ தெரியவில்லை. வரப்பில் மண்ணை நக்கிப் பார்க்கிற பிள்ளைகளையும் காணோம்.

போன ஐப்பசியில் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். தங்கையின் காணியில் நடவு நடந்துகொண்டிருந்தது; அவள் புருஷன் காணியில் அப்போதுதான் ஏர் இறங்கியிருந்தது. அவர் ஏரை நிறுத்திவிட்டு வரப்போரம் வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் முறையிட்டார்:

“பாருங்க மச்சான். பொண்ணக் குடுத்தீங்க, காணியும் குடுத்தீங்க, சரி. மொத ஏரு எந்தக் காணிக்குன்றதையும் சொல்லிக் குடுத்தில்ல அனுப்பிட்டீங்க!”

முழங்கால் சேற்றில் குனிந்திருந்த தங்கை நிமிரவேயில்லை. “அடுத்த வருசம் உன்துதான்யா மொதல்ல. இப்ப மாட்ட ஓட்டு” என்றாள்.

அவர் போய் மாட்டை ஓட்டினார்.